காலர் அக்கா அமுக்கிய படம்

சட்டை தைக்கிற கம்பெனியில் எங்கள் லைனில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலர் அக்கா, அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள். மணிக்கு அறுபது காலர் என்பது கம்பெனி வைத்த டார்கெட். அவள் எழுபது தைப்பாள். தைத்து என்ன கண்டாள் என்று கேட்டால், ஒன்றுமில்லை. எழுபதைப் பார்த்த சூப்பர்வைசர் மற்றவர்களையும் எழுபது தைக்கச் சொன்னான். நாங்கள் எல்லோரும் அவளைத் திட்டினோம். அவளுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்து சட்டைக் கை மடிப்பு தைக்கிற நானும் திட்டியிருக்கிறேன்.

நாற்பது பேர் இருக்கிற லைனுக்கு ஒரே ஒரு கழிப்பறை அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் ஏழு நிமிஷத்தில் திரும்பி வர வேண்டும். எட்டாவது நிமிஷம் ஆனால் சூப்பர்வைசர் மைக்கில் உன் மெஷின் நம்பரைச் சொல்லுவான். அக்கா அந்த அட்டையைத் தொட்டதே இல்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவாள். சாயங்காலம் கேட்டைத் தாண்டும்வரை அடக்கிக்கொண்டே இருப்பாள். "எனக்குப் பழகிடுச்சுடி" என்பாள், என்னவோ பெரிய சாமர்த்தியம் மாதிரி.

போன வருஷம் கர்ப்பப்பையில் கெட்ட கட்டி என்றார்கள். கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். கட்டி போனது. கூடவே சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்புகளும் அடிவாங்கின. போனால் பாதிதான் வரும், மீதி உள்ளேயே தங்கும், தங்குவது அவளுக்குத் தெரியவும் தெரியாது. நரம்பு தேற ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம் என்றார் டாக்டர். அதுவரை அவளே மெல்லிய குழாய் போட்டு மீதியை எடுக்க வேண்டும். தங்க விட்டால் கிட்னி கெட்டுப்போகும் என்பதை மூன்று தடவை சொன்னார்.

எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன ஸ்கேன் கருவியை இரவலாகக் கொடுத்தார்கள். கைக்கு அடக்கமானது. பாத்ரூம் போய்விட்டு வந்ததும் அடிவயிற்றில் ஜெல் தடவி அதை வைத்து அழுத்தினால், உள்ளே எத்தனை மில்லி மிச்சம் என்று திரையில் காட்டும். நூற்றைம்பதுக்கு மேல் என்றால் குழாய் போட வேண்டும். தொடர்ந்து நாலு வாரம் நூறுக்குக் கீழே இருந்தால் குழாயையே நிறுத்திவிடலாம். கற்றுக்கொள்ளத் துணைக்கு ஒருத்தர் வேண்டும் என்றார்கள். அவள் வீட்டுக்காரனுக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லையாம். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

கருவியைப் போட்டதும் திரையில் இரண்டு படம் வரும். ஒன்று ஆண், ஒன்று பெண்.

"நீங்க ஆம்பளை படத்தைத்தான் அமுக்கணும்" என்றாள் நர்ஸ்.

அக்கா முழித்தாள்.

"பொம்பளை படத்தை அமுக்கினா, உள்ள கர்ப்பப்பை இருக்குன்னு மெஷின் நினைச்சுக்கும். அதுக்குத் தகுந்த மாதிரி கழிச்சுட்டு, கம்மியாக் காட்டிடும். உங்களுக்குத்தான் அது இல்லையே."

நர்ஸ் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அக்கா தலையாட்டினாள், நானும் ஆட்டினேன். ஆகவே தெரியாமல் நடந்துவிட்டது என்று எங்கள் இரண்டு பேரில் யாரும் பிற்பாடு சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டு மாசத்தில் வேலைக்குத் திரும்பி வந்தாள். காலை பதினொன்றுக்கு ஒரு தடவை, மதியம் மூன்றுக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். கழிப்பறையில் படுக்க இடம் ஏது? நூல் கட்டு வைக்கிற ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிமேல் சாய்ந்து படுத்துக்கொள்வாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, நான் முதுகைக் கொடுத்து நிற்பேன். இருநூறு, இருநூற்றுப் பத்து என்று காட்டும். அப்புறம் கை கழுவி, குழாய் போட்டு, எடுத்து, மறுபடியும் கழுவி வர இருபது நிமிஷம். டாக்டர் சீட்டைக் காட்டினால் சூப்பர்வைசர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள போய்க் குடித்தனம் பண்றீங்களா ரெண்டு பேரும்?" என்பான். லைனே சிரிக்கும். மனுஷ ஜென்மங்களா இவர்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்தால் என் வேலை போகும், அதனால் திறக்கவில்லை.

வீட்டில் நடந்தது இதைவிடக் கேவலம். ஒரு நாள் அவள் கருவியைப் போடும்போது வீட்டுக்காரன் எட்டிப் பார்த்திருக்கிறான். ஆண் படத்தை அமுக்குவதைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறான். "அட, ஆஸ்பத்திரியிலயே முடிவு பண்ணிட்டாங்களா? நானும் அதைத்தான் நினைச்சேன்" என்றானாம். அன்றோடு விட்டானா? ஞாயிற்றுக்கிழமை அவன் தங்கை வந்தபோது, அவள் எதிரிலேயே, "என்ன தம்பி, குளிச்சாச்சா?" என்று இவளைக் கேட்டிருக்கிறான். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளாம்.

இதை அக்கா என்னிடம் சொன்னபோது மெஷினை நிறுத்தவில்லை. காலரைத் திருப்பித் திருப்பித் தைத்துக்கொண்டே சொன்னாள். "இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்டி அந்த ஆளோட" என்றாள். நாசமாய்ப் போகிறவன் என்று நான் சொன்னதைக்கூட அவள் காதில் வாங்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கு ஸ்டோர் ரூமிலிருந்து, "இங்க பாருடி" என்று கூப்பிட்டாள். திரையில் எழுபது. எனக்கு ஆச்சரியம், நேற்று இருநூறு இருந்ததே.

"பொம்பளை படத்தை அமுக்கினேன்" என்றாள். முகத்தில் திருட்டுத்தனமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. "எழுபதுதானே காட்டுது. குழாய் வேண்டாம். ஆறே நிமிஷம். தப்பாடி?"

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நர்ஸ் சொன்னது என் காதிலேயே இருந்தது. ஆனால் அன்றைக்குக் காலையில்தான் அவளோடு போய் நின்றதில் நான் தைக்கிற பீஸ் கணக்கு குறைந்துவிட்டது என்று சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். "நீ பொம்பளைதானேக்கா. பொம்பளை படத்தை அமுக்கறதுல என்ன தப்பு?" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதை நான்தான் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் திருப்தி. சூப்பர்வைசருக்குத் திருப்தி, எழுபது காலர் திரும்ப வந்துவிட்டது. வீட்டுக்காரனுக்குக் கிண்டல் பண்ண ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒரு தடவை போன் வரும். இவள் எண்களைப் படிப்பாள். எழுபது, எண்பது, அறுபத்தைந்து. எந்தப் படத்தை அமுக்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நாலாவது வாரம், "ரொம்ப நல்ல முன்னேற்றம். இனி குழாய் வேண்டாம், வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்" என்றார்கள். அக்கா அன்றைக்கு லைன் முழுக்க மிட்டாய் கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன்.

மூன்று மாசம் போனது. கால் வீங்கியது, நின்றுகொண்டே இருப்பதால் என்றாள். அவள் வேலையே உட்கார்ந்து செய்கிற வேலை, அதைக்கூட நான் யோசிக்கவில்லை. இடுப்புக்கு மேலே வலி என்று கையால் அழுத்திக்கொண்டே தைத்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. காய்ச்சல் கொதித்தது. நாங்கள் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பெரிய ஸ்கேனில் பார்த்தபோது சிறுநீர்ப்பைக்குள் எழுநூறு மில்லி இருந்தது. வலது கிட்னி சீழ் பிடித்துவிட்டது, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். இடதில் கால்வாசிதான் வேலை செய்கிறது. இனி குழாய் எப்போதும் உள்ளேயே இருக்கும், பக்கத்தில் ஒரு பை தொங்கும். கருவிக்குள் எல்லாம் பதிவாகியிருந்தது. நர்ஸ் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கடைசி நாலு மாசமும் எல்லாமே பெண் படம்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். "படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. ஒரு பட்டனை ஒழுங்கா அமுக்கத் தெரியல பாருங்க இவளுக்கு" என்று நர்ஸிடம் முறையிட்டான்.

"தெரியும்" என்றாள் அக்கா. குரல் எழும்பவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "தெரிஞ்சேதான் அமுக்கினேன். நீங்க என்னைத் தம்பின்னு கூப்பிட்டீங்க."

"அடப் பாவமே, அது ஒரு தமாஷுக்குச் சொன்னது" என்றான் அவன். நர்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் டீ குடிக்கப் போய்விட்டான்.

என்னை அக்கா காட்டிக்கொடுக்கவில்லை. இவளும்தான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் அதற்காகவே பயந்து பயந்து தினமும் போய்க்கொண்டிருந்தேன், பாசம் என்று அங்கே எல்லோரும் நினைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள், மறுநாள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வீட்டுல ஒரு ஓரம் கிடைக்குமாடி? கொஞ்ச நாளைக்கு. பையை நானே மாத்திக்குவேன், உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அந்த வீட்டுக்குப் போக முடியலடி என்னால."

நான் அந்தப் பையைப் பார்த்தேன். பாதி நிறைந்திருந்தது.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்க்கா" என்றேன்.

"கேளு" என்றாள். கையை விட்டுவிட்டாள். "பஸ் போயிடும், கிளம்பு."

நான் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், கேட்டால் உடனே கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருப்பார். அது தெரிந்துதான் கேட்கவில்லை. மறுநாள் அவளை அவள் வீட்டுக்காரன் வந்து கூட்டிக்கொண்டு போனான். அந்த நேரத்தில் நான் மெஷினில் உட்கார்ந்திருந்தேன்.