எரிந்ததாக எழுதப்பட்ட தரை

ஜோஃபியா அந்த மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபது. பிரபுவின் குடும்பம் போய், போர்க்கால ஆஸ்பத்திரியும் காலியாகி, புள்ளிவிவர அலுவலகம் வந்திருந்த நேரம். பிறகு அதுவும் போய், மழலையர் பள்ளி வந்தது. வாசல் பலகை மாறிக்கொண்டே இருந்தது. பெருக்கித் துடைப்பவள் மாறவில்லை. ப்ராதிஸ்லாவா நகரின் அந்தப் பாரோக் பாணி மாளிகை அவளுக்கு அத்துப்படி. கூரையில் பறக்கும் தேவதைகளில் எதற்கு மூக்கு உடைந்திருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

இப்போது, நாற்பது வருடம் கழித்து, அது ஓவியக் கூடமாகப் போகிறது. மாடியில் இருக்கும் பெரிய மண்டபத்தில் கான்கிரீட் தளம் போட முற்றத்தில் லாரி வந்து நின்றுவிட்டது.

"நிறுத்துப்பா! இந்த லினோலிய விரிப்புக்குக் கீழ பிரபு காலத்து மரத்தரை இருக்கு" என்றாள் ஜோஃபியா.

வேலையை மேற்பார்வையிடும் ரதோவான் மாளிகையின் பழைய ஆவணக் கோப்பைப் புரட்டினான். "ஐம்பத்திரண்டாம் வருஷக் குளிர்ல பேத்து எரிச்சாச்சுன்னு இதுல எழுதியிருக்கும்மா."

"அப்போ இருந்த அலுவலக அதிகாரி எரிக்கத்தான் சொன்னான். நானும் தச்சர் இம்ரிக்கும் பிரபு வீட்டு ஓட்டை அலமாரியை உடைச்சு எரிச்சோம். தரைமேல அட்டையைப் பரப்பி, லினோலியத்தைப் போட்டு மூடிட்டோம். குனிஞ்சு பாக்கிற ஆளா அவன்?"

"இத்தனை வருஷமா வாயே திறக்கலையா?"

"திறந்திருந்தா தரையும் போயிருக்கும், நானும் போயிருப்பேன்."

ரதோவான் கடிகாரத்தைப் பார்த்தான். "பத்து நிமிஷம். அதுக்கு மேல கலவை தாங்காது."

சன்னலோரம் லினோலியத்தை வெட்டினார்கள். கருகிய வெறும் பலகை.

"நல்ல கனவும்மா!" என்று ஒரு வேலையாள் சிரித்தான்.

ஜோஃபியா குனிந்து கரியைத் தொட்டுப் பார்த்தாள். தான் இல்லாத நேரத்தில் இம்ரிக் பயந்து எரித்துவிட்டாரோ? கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடமாகிறது. சட்டென்று பிடிபட்டது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இரும்படுப்பு வைத்திருந்த மூலை அது. அங்கே தரை முன்பே பாழ்.

"நடு மண்டபத்துல வெட்டுடா!"

அட்டை பட்டையாக உரிந்தது. கீழே வால்நட் மரத்தில் இழைத்த நட்சத்திரம், மெழுகின் மினுமினுப்பு கொஞ்சமும் குறையாமல்.

ரதோவான் காலை எடுத்து வைக்கப் போனான்.

"பூட்ஸைக் கழட்டு!"

கழற்றினான். கீழே லாரிக்காரர் ஹார்னை விடாமல் அடித்தார். "வேணாம், திருப்பிக்கிட்டுப் போங்க!" என்று கத்திக்கொண்டே, வெறும் காலுறையோடு படியிறங்கி ஓடினான் ரதோவான்.