மூடி மட்டும் கச்சிதம்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டி மூடினால் போதும் என்று நினைத்தவன் நான்.

பள்ளிவாசல் என்ற மலையூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எனக்கு இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர் வேலை. கையோடு கொண்டுபோக, பிஸ்கட் டின்னில் நட்டு கழற்றும் சாக்கெட்டுகளை அளவு பார்த்து அடுக்கினேன். அவற்றைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி மட்டும் அடங்கவில்லை. அதை மேசையில் விட்டுவிட்டு, கூட வேலைபார்த்த மாடசாமியிடம், "அண்ணே, மூடி எப்படி மூடுது பாத்தீங்களா?" என்று பீற்றிக்கொண்டேன்.

அன்று மத்தியானமே, தேயிலை ஏற்றும் ரோப்வே தொட்டியில் நான் போகையில் சக்கரத்து நட்டு தளர்ந்து, தொட்டி நடு வானில் நின்றது. கீழே பாதாளம். கெத்தாக டின்னைத் திறந்தேன். எல்லாச் சாக்கெட்டும் பல்லிளித்தன. ஒன்றை மாட்டி விரலால் திருகினேன், கடைசியில் பல்லாலும். அசையவில்லை.

"அண்ணே, கைப்பிடி!" என்று கதறினேன்.

மேட்டில் நின்ற மாடசாமியிடமிருந்து பதில் வந்தது: "மூடி நல்லா மூடுதுல்ல, உக்காருல!"