என் பேத்தி விமானத்தை உடைக்கவில்லை

உடைக்கவில்லை என்றால் உடைக்கவில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி ஊசியை வாயில் கடித்துக்கொண்டே தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். என் பேத்தி விமானத்தை உடைத்துவிட்டாளாம், பயிற்சிப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டார்களாம், வீட்டில் சண்டை முற்றிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாளாம். உடைந்தது எதுவும் இல்லை. ஒரு டயர் தேய்ந்தது, மாற்றினார்கள். தையல் மிஷினில் பெல்ட் அறுந்தால் மிஷினே போச்சு என்று யாராவது சொல்கிறோமா? அந்தத் தையல்காரி எனக்குத் தைத்த ரவிக்கையில் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருந்தது. அதை நான் தெருவில் போய்ச் சொன்னேனா? சொல்லியிருக்கலாம்.

ஓடவும் இல்லை. பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, எல்லோரும் பார்க்க நடந்துதான் போனாள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மருமகள் எழுதுகிறாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இடையிடையே நிறுத்தி, “இதெல்லாம் எழுதணுமா அத்தை?” என்று கேட்கிறாள். எழுதத்தான் வேண்டும்.

என் மகன் பஸ் டிரைவர். அவனுக்கு ஒரே பெண். விடுமுறை நாட்களில் அவளை டிப்போவுக்குக் கூட்டிப்போய், காலியாக நிற்கும் பஸ்ஸில் ஏற்றி, டிப்போ மைதானத்திலேயே ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பஸ்ஸை ஓட்டுவதை விட நிறுத்துவதுதான் பெரிது என்பான். படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு குழந்தையின் கால் கூடச் சிக்கக் கூடாது, அதே சமயம் சக்கரம் கல்லில் உரசவும் கூடாது. அதற்கு அவன் ஓயாமல் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: “பக்கத்துல பாரு. சக்கரத்துக்கு முன்னாடி பாரு. தூரத்துல என்ன வேடிக்கை?” சோறு ஊட்டும்போது சொல்வதைப் போல அதை அவளுக்கு ஊட்டி வளர்த்தான். அவளும் நன்றாகக் கற்றுக்கொண்டாள். குறுகலான இடத்தில் பஸ்ஸைப் பின்னால் எடுக்க வேண்டுமென்றால் டிப்போவில் இருக்கும் பெரிய ஆட்களே அவளைக் கூப்பிடுவார்கள்.

பிறகு அவள் பரீட்சை எழுதி, விமானம் ஓட்டும் பள்ளியில் இலவச இடம் வாங்கினாள். என் மகனுக்குக் கால் தரையில் பாவவில்லை. பஸ் ஓட்டினவளுக்கு விமானம் எம்மாத்திரம் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் வீட்டுத் தலைவலி எல்லாம் ஆரம்பித்தது.

மேலே போய்விட்டால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. இடது பக்கம் திருப்பு, வலது பக்கம் திருப்பு, உயரம் குறையாமல் போ, எல்லாம் செய்வாள். ஏறுவதிலும் இறங்குவதிலும்தான் வம்பு. அவளுக்குப் பயிற்சி கொடுப்பவரை எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாராம். கிளம்பும்போது தரையில் ஓடுகிற விமானத்தை நேராக வைத்திருப்பது காலாம். கீழே இரண்டு பெடல் இருக்கிறது, அதை மிதிக்க வேண்டும். கையில் ஸ்டியரிங் போல ஒன்று இருக்கிறதே, தரையில் அதைத் திருப்பினால் ஒன்றும் நடக்காதாம். என் பேத்திக்கு ஸ்டியரிங்கைக் கண்டால் கை சும்மா இருக்குமா? இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத் திருப்புவாள். விமானம் குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி ரன்வேயில் ஆடிக்கொண்டு போகும்.

இறங்குவது அதைவிட மோசம். காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது என்பாள். ஷூவைப் போடுவாள், கழற்றிவிட்டுக் கழிவறைக்கு ஓடுவாள். பஸ்ஸையே பந்து மாதிரி ஆட்டினவள், ஒரு குட்டி விமானத்துக்குப் போய் இப்படி நடுங்கினால் பார்க்கிற எனக்கு எரிச்சல் வராதா? வந்தது. திட்டினேன். திட்டினால் வயிற்றுவலி கூடியது.

வீட்டிலேயே பழகு என்று கேப்டன் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து, மேலே போவதையும் இறங்குவதையும் வாயால் சொல்லிக்கொண்டே கை கால்களை ஆட்டிப் பார்க்க வேண்டுமாம். துடைப்பக் கட்டை ஒன்று, காலுக்குக் கீழே இரண்டு பழைய செருப்பு, இவ்வளவுதான் விமானம். இதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் தையல்காரி, பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றும் சொன்னாள். திடலில் இறங்க அனுமதி கொடுக்கிற டவர் நான்தான். அவள் இறங்கலாமா என்று கேட்டால் நான் இறங்கலாம் என்று சொல்ல வேண்டும்.

“டவர், இறங்கலாமா?”

“இறங்கித் தொலை தாயி. சாப்பாடு ஆறுது.”

“பாட்டி, ஒழுங்கா சொல்லு.”

“ஒழுங்காத்தான் சொல்றேன். சீக்கிரம் இறங்கு.”

இதற்கு நடுவில் என் மகன் டியூட்டி முடிந்து வந்து, சட்டையைக் கூடக் கழற்றாமல் அவளுக்குப் பின்னால் நின்றுகொள்வான். பக்கத்தில் பார், சக்கரத்தின் முன்னால் பார் என்று ஆரம்பித்துவிடுவான். அவளும் கழுத்தை வளைத்து, காலடியில் இருக்கிற தரையையே முறைத்துப் பார்ப்பாள். நாற்காலி எங்கே போய் இடிக்கும்? வீட்டில் எல்லாம் நல்லபடியாக நடந்தது.

ஒரு நாள் அவனுக்கு ஓய்வு. என்னையும் இழுத்துக்கொண்டு விமானத் திடலுக்குப் போனான். கம்பி வேலிக்கு வெளியே புல்லில் நின்றோம். அவள் விமானம் தும்பி மாதிரி அழகாக வந்தது. தரையைத் தொட்டது, துள்ளியது, மறுபடி தொட்டது, மறுபடி துள்ளியது. கட்டிலில் குதிக்கிற குழந்தை மாதிரி. பக்கத்தில் என் மகன் வலது காலைப் புல்லில் ஊன்றி அழுத்துகிறான், பிரேக் போடுகிறானாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது விமானம் நின்றிருந்தது. கேப்டன்தான் கையில் வாங்கி நிறுத்தியிருக்கிறார். டயர் தேய்ந்தது அன்றைக்குத்தான்.

கேப்டன் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். அவள் பின்னால் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

“சார், பொண்ணுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தது யாரு?”

என் மகன் நெஞ்சை நிமிர்த்தி, “நான்தான் சார்” என்றான்.

“அதான் பாத்தேன். என் விமானத்துல பஸ் ஓட்டறா. மூக்குக்குக் கீழயே பாக்கறா. ரன்வே எங்க முடியுதோ அங்க பாருன்னு தொண்டை கிழியச் சொல்றேன். அங்க பாத்தாத்தான் தரை எவ்வளவு கீழ இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும்.”

“இத்தனை வருஷத்துல நான் ஒரு ஆளைக்கூட இடிச்சதில்ல சார்.”

“தெரியுது. ரொம்ப ஒழுங்கா கத்துக்கொடுத்திருக்கீங்க. அதுதான் இப்ப கஷ்டம்.”

அவர் குத்திப் பேசவில்லை, சலித்துப்போய்ச் சொன்னார். ஆனால் என் மகன் வழி முழுக்க என்னை விட்டுவிட்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தான். வீட்டுக்கு வந்தும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டான். நாற்காலிப் பக்கமே வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று, இனி பெண் நிம்மதியாகப் பழகுவாள் என்று நினைத்தேன். அவளோ இன்னும் மோசமானாள். போகிறபோதெல்லாம் கேப்டன்தான் விமானத்தை இறக்க வேண்டியிருந்தது.

கடைசியில் கேப்டன் ஒன்று சொல்லி அனுப்பினார். திடலுக்குப் பக்கத்திலேயே விடுதி இருக்கிறது, அங்கே வந்து தங்கு. விடியற்காலையில் காற்று அடங்கி இருக்கும்போது தினமும் பறக்கலாம். மாதக் கடைசிக்குள் தனியாக ஏறி இறங்கத் தேறினால் சரி. இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போகும். நான் உடனே துணியை எடுத்து வை என்றேன். அவள் அசையவில்லை.

“வேணாம் பாட்டி. விட்டுடறேன்.”

எனக்கு வந்த கோபத்துக்குத் துடைப்பக் கட்டையை எடுத்திருப்பேன், அதுதான் விமானமாகிவிட்டதே. என்ன பயம், விழுந்துவிடுவாய் என்றா என்று கேட்டேன். இல்லையாம். தரை பக்கத்தில் வரும்போது காதில் அப்பாவின் குரல் கேட்கிறதாம்.

“கேப்டன் தூரத்துல பாருங்கறாரு. அப்பா பக்கத்துல பாருங்கறாரு. யார் சொல்றதக் கேக்கன்னு யோசிக்கறதுக்குள்ள தரை வந்துடுது பாட்டி. அப்பா சொன்னத மீறினா ஏதாவது ஆயிடும்னு பயமா இருக்கு.”

சரி, இது அவன் தீர்க்க வேண்டிய சிக்கல் என்று மகனிடம் போனேன். ஒரு வார்த்தை, நான் சொன்னது உனக்கு வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிடு என்றேன். அவன் என்னையே திருப்பிக் கேட்கிறான், நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தேனா என்று. தப்பு என்று யாரடா சொன்னது? அந்தக் கேப்டனைப் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல், பார்க்கலாம் என்கிறான். கேப்டன் எதற்குப் பஸ்ஸை நிறுத்த வேண்டும்? மருமகள் ஒரு பக்கம் சொல்லிப் பார்த்தாள். அவனோ தட்டை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டான். இந்தப் பிடிவாதம் எல்லாம் அவன் அப்பாவிடமிருந்து வந்தது. என்னிடமிருந்து இல்லை. மருமகள் சிரிக்கிறாள், அதையும் எழுது.

இப்படியே நாள் ஓடியது. ஒரு காலையில் அவன் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவள் ஒரு பையோடு வாசலுக்கு வந்தாள்.

“எங்க போற?”

“யூனிஃபார்மத் திருப்பிக் கொடுத்துட்டு வர்றேன்ப்பா.”

பைக்குள் அந்த வெள்ளைச் சட்டை மடித்து இருந்தது. அவள் பள்ளிக்குப் போன நாளெல்லாம் அதற்கு இஸ்திரி போட்டவன் அவன்தான். வேறு யாரையும் தொடவிட மாட்டான். பையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அடுப்படியிலிருந்து வந்து, இப்போதாவது வாயைத் திறடா என்று மனதுக்குள் சொன்னேன். மனதுக்குள்தானா, வெளியிலும் சொல்லிவிட்டேனா, நினைவில்லை.

“ரூட்டுல போறப்ப நான் எங்க பாப்பேன், தெரியுமா?” என்றான்.

“எங்கப்பா?”

“ரோடு கடைசி வரைக்கும் பாப்பேன். பக்கத்துல பாத்தா வண்டி ஆடும். ஸ்டாப்புல நிறுத்தறப்பதான் பக்கத்துல பாப்பேன்.”

“நானும் நிறுத்தத்தானப்பா போறேன்.”

“கேப்டன் என்ன சொல்றாரு? நிறுத்தவா சொல்றாரு?”

“இல்ல. தரைக்கு மேல வந்ததும் இறக்காத, பறந்துக்கிட்டே இருக்கப் பாரு, அதுவா மெல்ல உக்காரும்ங்கறாரு. எனக்குப் பொறுக்க மாட்டேங்குது. அழுத்திடறேன்.”

“அப்ப அவர் சொல்றதச் செய். நான் சொன்னது பஸ்ஸுக்கு.” சொல்லிவிட்டுத் தொப்பியைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தொப்பி தலையில் இருந்தது.

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீ கேக்கல.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். வீடே இத்தனை நாள் செத்துப் பிழைத்திருக்கிறது, இவள் கேட்கவில்லையாம், அதனால் இவன் சொல்லவில்லையாம்.

அவள் உள்ளே போனாள். சட்டையைப் பையிலிருந்து எடுக்கவில்லை, அதன் மேலேயே மற்ற துணிகளையும் போட்டுத் திணித்தாள். மருமகள் வயிற்றுவலி மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினாள். அவள் வாங்கிக்கொண்டாள், அதை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. விடுதி வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன், டியூட்டியை மாற்றிக்கொள்கிறேன் என்றான் என் மகன். தானே போய்க்கொள்கிறேன் என்றாள். பையின் வாரை இரண்டு முறை தவறவிட்டாள். ஆனால் திரும்பி உள்ளே வரவில்லை.

தெருவில் இறங்கி, ஓரமாக நடக்காமல் நடுவில் நடந்தாள். தையல்காரி ஜன்னலுக்கு வந்துவிட்டாள். வளைவில் ஒரு வண்டி ஹாரன் அடித்தது. என் மகன் கையைத் தூக்கி வாயைத் திறந்தான். நான் அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். வண்டி எங்கே வருகிறது என்று அவளே திரும்பிப் பார்த்து, அவளே ஒதுங்கிப் போனாள்.