வயது தெரியாத ஏழு பேர்

சுனாமிக்குப் பிறகு போர்ட் பிளேரில் ஒரு பள்ளிக்கூட முகாமின் பெயர்ப் பட்டியலை நான்தான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். எல்லாரும் நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நம் தமிழ் ஜனங்கள். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்த ஏழு பேருக்குத் தங்கள் வயதே தெரியவில்லை. வயதுக் கட்டத்தில் ‘தெரியாது’ என்றே அடித்து வைத்தேன்.

மறுநாள் தலைக்கு ஒரு பாய் கொடுத்தபோது ஏழு பாய் குறைந்தது. முகாம் அதிகாரி இந்தியில் கத்தினார். எக்செலில் வயதுக் கட்டங்களுக்கு ‘கவுண்ட்’ என்ற ஃபார்முலா போட்டுத்தான் ஆட்களை எண்ணினாராம். “கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. உன் ஜனங்கள்தான் இரண்டு தடவை வரிசையில் நிற்கிறார்கள்.”

வீட்டையே கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஒரு பாயைத் திருடவா வரிசையில் நிற்பார்கள்?

“சார், கவுண்ட் எண்களை மட்டும்தான் எண்ணும். எழுத்து இருந்தால் விட்டுவிடும். ‘கவுண்ட் ஏ’ போடுங்கள், எல்லாரும் வந்துவிடுவார்கள்” என்றேன். ஒரே ஒரு எழுத்துதான் கூடுதல். அதற்கும் அவருக்கு மனசு வரவில்லை.

“ஃபார்முலாவைத் தொடாதே. அவர்களுக்கு ஏதாவது ஒரு வயதைப் போடு.”

பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு பேருக்கும் நாற்பது என்று அடித்தேன். ஏழு பேரும் உடனே எண்ணிக்கையில் வந்துவிட்டார்கள்.

அதிகாரி நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“பார்த்தாயா? நீ உண்மையைப் போட்டால் கம்ப்யூட்டரும் உண்மையைச் சொல்லும்.”