கழுத்தில் அடையாளம் இல்லாதவர்கள்

இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், அண்ணனிடம் செப மந்திரம் படித்த பிள்ளைகளுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச வராது. கடைசி வரை அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள்.

அண்ணன் பிறந்தது வரதராஜன்பேட்டையில். எங்கள் தகப்பனார் முந்திரிக் கொல்லையில் கூலி வேலை செய்தவர். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவர் காலமானார். எங்கள் மாதா கோவில் பங்குச் சுவாமியார்தான் அண்ணனைச் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார். பிறகு ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையில் உள்ள இந்த ஊருக்கு உபதேசியாராக அனுப்பினார். சுவாமியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வண்டி கட்டிக்கொண்டு பூசை வைக்க வருவார். மற்ற நாட்களில் செபம் சொல்வதும், பிள்ளைகளுக்கு எழுத்தும் மந்திரமும் சொல்லிக் கொடுப்பதும், இறந்தவர்களை அடக்கம் செய்வதும் அண்ணன் பொறுப்பு. சட்டம் என்றால் அண்ணனுக்குச் சட்டம்தான். ஞாயிற்றுக்கிழமை ஏர் பூட்டியவர் சொந்த மைத்துனர் என்றாலும் கோவிலில் முழங்காலில் நிற்க வைத்துவிடுவார்.

அண்ணி தலைப்பிரசவத்தில் இறந்துபோனார். அப்போது நான் தாலியிழந்து வந்திருந்தேன். பெண் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். ஞானப்பூ என்று பெயர். என்னை அத்தை என்று கூப்பிட்டாலும் என்னைத்தான் தாயாக அறிந்தவள்.

யுத்த காலத்தில் ஓர் ஐப்பசி மாதம் கொள்ளிடம் பெருகியது. அதற்கு முந்தின மாலை ஞானப்பூ தன் உத்தரியத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். நம்மவர் கழுத்தில் முன்னும் பின்னும் தொங்கும்படி போட்டுக்கொள்ளும் அந்தத் துணித் துண்டுகளின் கயிறு அறுந்திருந்தது. குளிக்கும்போதும் நாம் அதைக் கழற்றுவதில்லை. அண்ணன் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். “நாளைக்குக் கட்டித் தரேன் போ” என்று வாங்கிச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார்.

அவள் விடவில்லை. “உபதேசியார் வூட்டுப் புள்ளைக்கே உத்தரியம் இல்லன்னா ஊரு சிரிக்கும்ப்பா” என்றாள். அண்ணனும் சிரித்தார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் கரை உடைந்தது. அண்ணன் ஊரை எழுப்பக் கோவில் மணியை அடிக்க ஓடினார். நான் ஞானப்பூவின் கையைப் பிடித்துக்கொண்டு கோவில் மேட்டுக்கு நடந்தேன். வாய்க்கால் மதகுப் பக்கம் தண்ணீர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. அவள் என் கையிலிருந்துதான் போனாள். இதற்கு மேல் அதை எழுத என்னால் முடியவில்லை.

தண்ணீர் வடிய வடிய, மேற்கேயிருந்து அடித்து வரப்பட்ட உடல்கள் எங்கள் ஊர்ப் படுகையிலும் கருவேல முள்ளிலும் ஒதுங்கின. யார், எந்த ஊர் என்று தெரியாது. வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாத நிலை. ஆண்களை அண்ணனும் ஊராரும் தூக்கினார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் நான் கழுவி, கிடைத்த துணியைச் சுற்றிக் கொடுத்தேன். ஞானப்பூ அவர்களில் இல்லை.

கல்லறைத் தோட்டம் சுவாமியார் மந்திரித்த மண். ஞானஸ்நானம் பெறாதவர்களை அதில் வைக்கக்கூடாது என்பது சட்டம். அண்ணன் ஒவ்வோர் உடலாகக் குனிந்து கழுத்தைப் பார்த்தார். உத்தரியமோ மாதா உருவம் பொறித்த சுரூபமோ இருந்தால் உள்ளே, செபத்தோடு. இல்லாவிட்டால் மதிலுக்கு வெளியே, செபமில்லாமல். மூன்று நாளில் உள்ளே நான்கு பேர், வெளியே ஏழு பேர். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மனிதர் அழாமல் அந்த வேலையைச் செய்தார். ஊரே அவர் உறுதியை மெச்சியது.

நான்காம் நாள் ஒரு கிழவரை உள்ளே அடக்கம் செய்யும்போது, செபம் வாசிக்க அண்ணன் புத்தகத்தைத் திறந்தார். ஞானப்பூவின் உத்தரியம் குழிக்குள் விழுந்தது.

அண்ணன் குழிக்குள் இறங்கி அதை எடுத்தார். எடுத்தவர் மேலே வரவில்லை. கிழவரின் கால்மாட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளை வெறுங்கழுத்தோடு போயிருக்கிறாள். கிழக்கே ஏதோ ஓர் ஊரில் அவளையும் ஒருவர் குனிந்து பார்த்திருப்பார்.

மறுநாள் நாங்கள் இருவரும் கரையோடு கிழக்கே நடந்தோம். ஊர் ஊராகக் கேட்டோம். இரண்டாம் நாள் தா. பழூருக்குத் தெற்கே, ஒரு கொல்லையில் சேறு வாரிக்கொண்டிருந்த கணவன் மனைவியிடம் விசாரித்தோம். உடையார்பாளையம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய இந்துக் குடும்பம். அந்த அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, “நீங்க தேடுற புள்ளைக்குக் காதுல வேப்பங்குச்சி இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

ஞானப்பூவுக்குக் காது குத்திப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

சுடுகாடு தண்ணீரில் இருந்ததால் தங்கள் கொல்லை மேட்டிலேயே அடக்கம் செய்திருந்தார்கள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, தங்கள் மகளின் பாவாடையை உடுத்தியிருந்தார்கள். மேலே நாய் தோண்டாமல் முள் வெட்டிப் போட்டிருந்தது.

அண்ணன் கேட்டார். “கழுத்துல ஒண்ணுமில்லையே. என்ன சனம்னு நெனச்சு இதெல்லாம் செஞ்சீங்க?”

“அத எங்கங்க பாத்தோம்” என்றார் அந்த மனிதர். “ஏழெட்டு வயசுப் புள்ள. அவ்ளோதாங்க.”

அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார். “குச்சிய எடுத்துட்டு நல்லா தொடைக்கலாம்னு பாத்தேன். எடுத்தா புள்ளைக்கு நோவுமேன்னு அப்படியே வுட்டுட்டேங்க.”

அப்போதுதான் அண்ணன் அழுதார்.

பிள்ளையை எடுத்து வந்து மந்திரித்த மண்ணில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். ஊர் திரும்பியதும் வீட்டுக்குப் போகாமல் மதிலுக்கு வெளியே போனார். ஏழு குழிகள் முன்னாலும் தனித்தனியாக முழங்காலிட்டுச் செபம் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, நான் கழுத்த மட்டும்தான் பாத்தேன். நீ என்ன பாத்த?”

நான் சொல்லச் சொல்லப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த மாதம் சுவாமியார் வந்தபோது அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னார். சட்டத்தைத் தன்னால் மாற்ற முடியாது, ஆனால் செபம் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை என்று சுவாமியார் சொன்னார். அது முதல் இறந்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஆத்துமாக்கள் திருநாளன்று மதிலுக்கு வெளியேயும் ஏழு விளக்கு எரிந்தது. யுத்தத்தில் மெழுகுவர்த்தி கிடைக்காத வருஷம் அண்ணன் அகல் வைத்தார்.

வெள்ளத்துக்குப் பிறகு அரிசிக்குத் திண்டாடிய மாதங்களில் கோவில் முற்றத்தில் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சினோம். நம்ம சனத்துக்கு முதலில் ஊற்றுங்கள் என்று சிலர் சொன்னார்கள். “பசிக்குதுன்னு வந்து நிக்கிறவங்கள்ல எது நம்ம சனம், எது அடுத்த சனம்?” என்று அண்ணன் அகப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு விறகு தள்ளப் போய்விட்டார். வெள்ளம் நம் பாவத்துக்குத் தண்டனையா என்று கேட்டவர்களுக்குத் தெரியாது என்றுதான் பதில் சொன்னார். ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னார். “ஆண்டவர் எதுக்கு வெள்ளத்த வுட்டாருன்னு எனக்குப் புரியல. என் புள்ளைய யாரு கையில குடுத்தாருன்னு பாத்துட்டேன். அது போதும்.”

கடைசி ஆறு மாதம் நெஞ்சுச் சளியால் படுக்கையில் கிடந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த அறுந்த உத்தரியத்தை எடுக்கச் சொன்னார். இத்தனை வருஷமாக அதைக் கட்டவில்லை. “முடிச்சுப் போடு” என்றார். நான் போட்டேன். “அந்தம்மாகிட்டக் குடுத்துடு” என்றார்.

அடக்கத்தன்று அந்த அம்மாவும் அவர் கணவரும் நடந்தே வந்து, உள்ளே வரலாமா என்று தெரியாமல் கோவில் வாசலில் பூவோடு நின்றார்கள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். உத்தரியத்தை அந்த அம்மா தன் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கழுவித் தூக்கிய ஊராருக்கும், வைத்தியருக்கும், பூசை வைத்த சுவாமியாருக்கும், இந்த மலரை அச்சிட உதவிய உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மேற்கே ஆற்றோரத்து ஊர்களில் இருப்பவர்கள் இதைப் படித்தால் நாலு பேருக்குச் சொல்ல வேண்டுகிறேன். மதிலுக்கு வெளியே உள்ள ஏழு பேரில் இரண்டு பேருக்கு உறவினர் வந்துவிட்டார்கள். மற்றவர்கள் இன்னும் எங்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். இடது முன்கையில் தேள் பச்சை குத்திய நடுத்தர வயதுப் பெண். நிறைமாதமாக இருந்த ஒரு பெண், காலில் மிஞ்சி, வலது கட்டைவிரலில் பழைய அரிவாள் காயம். மேல் வரிசையில் ஒரு பால் பல் விழுந்து, புதுப் பல் பாதி முளைத்திருந்த பையன்.

மற்ற இருவரும் ஆண்கள். நான் அவர்களைக் கழுவவில்லை. அண்ணன் அவர்கள் கழுத்தை மட்டும்தான் பார்த்தார். அதனால் அவர்களைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் தேடுகிறவர்கள் வாருங்கள். எந்த நேரமானாலும் வந்து என்னைக் கேளுங்கள். இடம் காட்டுகிறேன்.