உப்பளத்துக்காரரும் மழை மன்றாட்டும்

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் சவரிநாதனுக்கு மழை என்றாலே ஆகாது. ஒரு மழை போதும், விளைந்த உப்பெல்லாம் கரைந்துவிடும். ஞாயிறு பூசையில் மழைக்காக மன்றாடும்போது எல்லோரும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். இவர் மட்டும், "கேக்காதீங்க ஆண்டவரே" என்று முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்கும் மச்சினன் சின்னப்பன் மழையை நம்பி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைப்பவர். முழங்கையால் ஓர் இடி இடிப்பார். வருஷக்கணக்காக இதே கூத்துதான்.

2005 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பூசை நடுவிலேயே மழை கொட்டியது. சின்னப்பனின் முகம் மலர்ந்தது. சவரிநாதனைப் பார்த்ததும் வாடியது.

"கோவிச்சிக்காத மாமா. நான்தான் கேட்டேன்."

கோபம் வரும் என்றுதான் சவரிநாதனும் எதிர்பார்த்தார். சிரிப்புதான் வந்தது.

"ஆண்டவரு பாவம்டா. இத்தினி வருஷமா ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கினு இருக்கோம். ரெண்டு பேரையும் வெளிய தள்ளாம வச்சிருக்காரு பாரு!"

பூசை முடிந்தது. எல்லோரும் போன பிறகும் சவரிநாதன் மண்டியிட்டே இருந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"இவ்ளோ நேரமா என்னா மாமா வேண்டிக்கினே?"

"ஒண்ணும் கேக்கலடா. சும்மா அவரு கூட இருந்தேன்."

இருவரும் நனைந்துகொண்டே நடந்தார்கள்.