உளுந்துச் செடி மேல் ஒரு வாரம்

தஞ்சாவூரில் குடியிருந்துகொண்டு பூதலூரில் வேலை பார்ப்பவளுக்குப் புலம்பக் காரணமா கிடைக்காது? திங்கட்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை. வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அதைத் தாண்டினால், பாதிச் சாலையை அடைத்து உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். சாலை என்ன இவர்கள் வீட்டுக் களமா என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒரு செடிகூட நசுங்காமல் ஸ்கூட்டரை ஓரமாக ஓட்டினேன்.

தலையில் துண்டு கட்டிய அம்மா ஒருவர் கையை ஆட்டி நிறுத்தினார். நன்றி சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

“ஏம்மா சுத்திக்கிட்டுப் போறீங்க? மேல ஏத்திப் போங்க. வண்டி ஏறினாத்தானே காய் வெடிச்சு உளுந்து உதிரும்!”

மறுநாளிலிருந்து மேலேயே ஓட்டினேன். வேகமாகப் போனால் சறுக்கிவிடும் என்பதால் நடப்பதுபோல் மெதுவாகப் போவேன். சக்கரத்துக்கடியில் காய்கள் படபடவென்று வெடிக்கும். வெயிலில் காய்ந்த இலைகளின் வாசம் எழும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் குழாயும் ரயில்வே கேட்டும் அலுவலகமும் நினைவிலேயே இருக்காது. தூக்கத்தில் மிதப்பதுபோல் இருக்கும். “இன்னொரு தடவ ஓட்டிட்டுப் போங்களேன்” என்று அந்த அம்மா சிரிப்பார். ஒருநாள் நிஜமாகவே வண்டியைத் திருப்பி இன்னொரு தடவை ஓட்டினேன்.

வெள்ளிக்கிழமை சாலையைக் கூட்டி உளுந்தையெல்லாம் அள்ளிவிட்டிருந்தார்கள். அந்த அம்மாவும் இல்லை. ஆனாலும் அந்த இடம் வந்ததும் என் கை தானாக வேகத்தைக் குறைத்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு, “ரோடு காலியாத்தானே கெடக்கு, போங்கம்மா!” என்று கத்தினார்.

காலியாகக் கிடப்பதுதான் என் குறையே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?